சாருக்கு நான் எழுதிய வாழ்த்து

எங்கள் ஆபீஸில் தலைமைக் கணக்கராக இருந்த சார் போன வருஷம் ஓய்வு பெற்றார். 31 வருஷ சர்வீஸ். ஒரு ரூபாய் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பாத மனுஷர். எல்லோரும் காசு போட்டுப் பெரிய வாழ்த்து அட்டை வாங்கினோம். "உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும், நீயே எழுது" என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டார்கள். நானும் கொஞ்சம் கெத்தாகவே எழுதினேன்: 'பெஸ்ட் விஷஸ் ஆஸ் யூ டர்ன் எ நியூ லீஃப்.'

கேக் வெட்டி முடிந்ததும் சார் அட்டையைப் பிரித்துப் படித்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா நான் அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிக்சர் தட்டோடு முழித்துக்கொண்டு நின்றேன்.

"அப்புறம், நடுவுல ஒரு 'ஓவர்' இருக்கணும். அதையும் காணோம்."

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்றால் வெறுமனே புதிதாக ஒன்றைத் தொடங்குவது இல்லை. பழைய கெட்ட வழக்கத்தை விட்டுத் திருந்துவது. குடியை விட்டவன், கடன் வாங்குவதை நிறுத்தியவன், தினமும் லேட்டாக வந்து இப்போது ஒன்பது மணிக்கே சீட்டில் உட்காருகிறவன், இவர்களைப் பற்றி எழுதலாம். அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்துவிட்டுப் போகிறவரிடம் "இனிமேலாவது திருந்துங்க சார்" என்று அட்டையில் எழுதி, கீழே பதினான்கு பேரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்!

இன்னொரு கூத்து, இந்த லீஃப் மரத்து இலையே இல்லை, புத்தகத்தின் தாள். நான் இத்தனை நாளும் துளிர் விடுவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேங்கில் 'இருபத்தஞ்சு லீஃப் செக் புக் குடுங்க' என்று வாய் நிறையக் கேட்கிறோமே, அதே லீஃப். ஜர்னல் என்கிற அன்றாடக் கணக்குப் பதிவேட்டில் எல்.எஃப். என்று தினம் நான் நிரப்புகிற கட்டம், லெட்ஜர் ஃபோலியோ, அதாவது பேரேட்டின் பக்க எண், அந்த ஃபோலியோவும் இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நமக்கு மட்டும் என்ன, ஓலையில் எழுதியவர்கள்தானே. ஏடு என்றால் இன்றைக்கும் தாள்தான். திருந்துகிறவன் கறை படிந்த பக்கத்தைப் புரட்டிவிட்டு வெள்ளைத் தாளில் ஆரம்பிக்கிறான், புரட்டுவதற்குத்தான் அந்த 'ஓவர்'.

என்னைக் கவிழ்த்தது 'புதுக்கணக்கு' என்று நினைக்கிறேன். கடைக்காரர் நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டுப் புதுக்கணக்கு ஆரம்பித்தால், போன வருஷம் அவர் திருட்டுக் கணக்கு எழுதினார் என்று யாரும் நினைப்பதில்லை. அந்த மங்கலத்தை நான் லீஃபின் தலையில் ஏற்றிவிட்டேன். சாருக்கு 'பிகின் எ நியூ சாப்டர்' என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அத்தியாயம் மாறினால் முந்தைய அத்தியாயம் மோசம் என்று அர்த்தமாகாது. 'டர்ன் த பேஜ்' வேறு. அது பட்ட கஷ்டத்தை மறந்துவிட்டு மேலே போவது. விவாகரத்து, தோல்வி மாதிரி இடங்களில் பொருந்தும். ஓய்வுக்கு அதையும் எழுதியிருந்தால் எம்.டி. முகம் மாறியிருக்கும்.

மறுநாள் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, அட்டையைப் பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. சுகர் டெஸ்ட் ரிப்போர்ட், பக்கத்தில் சர்க்கரை போடாத காபி டம்ளர். கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: 'ஐ ஹேவ் டர்ன்ட் ஓவர் எ நியூ லீஃப்.' 'ஓவர்' மட்டும் கொட்டை எழுத்தில்.