அந்தக் கையில இருந்த காகிதம்

ரெண்டு வருஷம் ஆகப்போகுது, அந்த ஷாட் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. மொத்தமே ஏழு செகண்ட்தான். ஒரு பொம்பள, முப்பது வயசு இருக்கலாம், தலையில முந்தானை, இடுப்புல குழந்தை, வலது கையில நாலா மடிச்ச ஒரு காகிதம். கேமரா பக்கம் திரும்பி என்னமோ சொல்றாங்க. உதடு அசையுது, குரல் இல்ல. ஷெனாயும் கமென்ட்ரியும்தான் ஓடுது, மக்கள் புது இடத்துக்குப் போறாங்கன்னு.

இது ஒரு நியூஸ் ரீல், அந்தக் காலத்துல தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி ஓட்டின செய்திப் படம். அதுல பெரும்பாலும் அப்படித்தான். கேமராமேன் சத்தமில்லாம படம் பிடிச்சு அனுப்புவாரு, அதை மும்பையில வெட்டி ஒட்டி, கமென்ட்ரி எழுதி, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குரல் குடுத்து பிரிண்ட் போடுவாங்க. 1948ல அரசாங்கத்தோட படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் வந்ததுல இருந்து பல வருஷம், தியேட்டர் லைசென்ஸ்லயே இதைப் போட்டாகணும்னு கண்டிஷன், அதுக்கு தியேட்டர்காரங்களே வாடகையும் கட்டணும். எங்கப்பா சொல்வாரு, லேட்டா கிளம்பினாலும் "நியூஸ் ரீல்தான ஓடும், மெதுவா போலாம்"னு சொல்லிட்டுத்தான் போவாங்களாம். அப்படி யாரும் சரியா பாக்காம விட்ட படங்களத்தான் நான் ஒவ்வொரு ஷாட்டா நிறுத்தி நிறுத்திப் பாத்து, எதுல என்ன இருக்குன்னு ஷாட் லிஸ்ட் எழுதிட்டிருந்தேன்.

இந்த ரீல் 1976, டெல்லி. எமர்ஜென்சி. ஊருக்குள்ள இருந்த குடிசைகள இடிச்சு, ஏறக்குறைய 7 லட்சம் பேர ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்ட நேரம். குடும்பத்துக்கு 25 சதுர கஜம் நிலம். அதுலயும் நிறைய பேருகிட்ட, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணின சர்டிபிகேட் இருந்தாதான் மனைன்னு சொல்லிட்டாங்க. 1976-77ல மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்திருக்கு. இதெல்லாம் நான் முன்னாடியே படிச்சிருந்தேன், அதனாலதான் அந்தக் காகிதத்தப் பாத்ததும் கை நின்னுடுச்சு. விவரம் எழுதற இடத்துல "கையில் மனை ஒதுக்கீட்டுச் சீட்டு அல்லது கருத்தடைச் சான்றிதழாக இருக்கலாம்"னு எழுதினேன்.

சார் கூப்பிட்டாரு. எடிட்டிங் ரூம்லயே தலை நரைச்சவரு, பிலிமத் தொட்டே என்ன நிலைமைல இருக்குன்னு சொல்லிடுவாரு.

"இது சர்டிபிகேட்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இருக்கலாம்னுதான் சார் போட்டிருக்கேன்."

"படிக்க முடியுதா?"

"முடியல சார்."

"அப்ப காகிதம்னு போடும்மா. கண்ணுக்குத் தெரியறத மட்டும் எழுது."

அடிச்சிட்டு "கையில் காகிதம்"னு போட்டேன். பின்னாடி தேடறவங்களுக்கான கீவேர்ட் ஏற்கனவே கமென்ட்ரிய வச்சு போட்டிருந்தாங்க, வீட்டுவசதி, மறுகுடியமர்வு, பயனாளிகள். அதை நான் தொடல.

அவரு சொன்னது தப்புன்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியல. அந்தக் காகிதம் ரேஷன் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், ஆஸ்பத்திரிச் சீட்டா இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச சரித்திரத்த ஒரு பொம்பளையோட கையில நான் திணிக்கக் கூடாதுதான். சாருக்கு இதுல வேற ஒரு வலியும் உண்டு, அடிக்கடி சொல்வாரு. வெள்ளைக்காரன் காலத்து செய்திப்பட யூனிட்ட 1946ல மூடிட்டாங்க, அதனால 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு அரசாங்கத்துக்குன்னு ஒரு நியூஸ் ரீல் யூனிட்டே இல்ல, அன்னிக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்களும் சில தனியார் கேமராமேன்களும் எடுத்ததத்தான் நாம இன்னமும் பாத்துட்டிருக்கோம். "இந்தப் பொம்பளைய ஒருத்தன் எடுத்து வச்சிருக்கான் பாரு, அது பெருசும்மா, நாளைக்கு வர்றவங்க பாத்து முடிவு பண்ணிக்கட்டும்"னாரு. அவரு பிலிம் மேல வச்சிருக்கிற மரியாதை அது, அத நான் மதிக்கிறேன்.

ஆனா கமென்ட்ரி மட்டும் கண்ணுக்குத் தெரியற விஷயமா? "பயனாளிகள்"னு அந்த ஷாட்ல எங்க தெரியுது? மந்திரி ஆபீஸ் சொன்னத எழுதின கமென்ட்ரி கீவேர்டா வரலாம், நான் படிச்சது வரக்கூடாதா? இதை அன்னிக்குக் கேட்டிருக்கணும். கேக்கல, மதியம் சாப்பிடப் போயிட்டோம்.

போன வருஷம் டிவில நாட்டோட வளர்ச்சியப் பத்தின ஒரு தொகுப்பு, நடுவுல அதே ஏழு செகண்ட் வந்துச்சு. எல்லாருக்கும் வீடுங்கற வரி ஓடும்போது அவங்க முகம். வேற மியூசிக், கலர் எல்லாம் திருத்தி பளிச்சுன்னு. தேடினவங்கள குத்தம் சொல்ல முடியாது, வீட்டுவசதின்னு தேடியிருப்பாங்க, கிடைச்சிருக்கும். எமர்ஜென்சின்னு தேடின யாருக்கும் அது கிடைச்சிருக்காது.

அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சுது. ரீல் 1976. எமர்ஜென்சி 1975 ஜூன் 25ல இருந்து 1977 மார்ச் 21 வரைக்கும். "அவசரநிலைக் காலம்"னு ஒரு கீவேர்ட் போட எந்த ஊகமும் வேண்டாம், தேதி போதும், சாரே தலையாட்டியிருப்பாரு. காகிதத்துக்காக மல்லுக்கு நின்னேன், யாரும் மறுக்க முடியாத அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோணவே இல்ல. இத்தனைக்கும் அந்த ஷாட் லிஸ்ட் எழுதின வாரம்தான் 1967ல இதே பிலிம்ஸ் டிவிஷனுக்காக எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்த 'ஐ ஆம் 20' பாத்திருந்தேன். 1947ல பிறந்த பசங்க கேமரா முன்னாடி சொந்தக் குரல்ல பேசுவாங்க, நாட்டு மேல எனக்குப் பாசம் ஒண்ணும் இல்லன்னுகூட ஒருத்தர் சொல்றாரு. அரசாங்கப் பணத்துல எடுத்த படம் அது! ஒன்பதே வருஷத்துல அதே இடத்துல இருந்து வந்த ரீல்ல ஒரு பொம்பள வாயத் திறக்கிறா, மேல ஷெனாய் வாசிக்குது.

திருத்தம் கேட்டு மெயில் போட்டேன். ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு, அடுத்த கட்டத்துல பாக்கறோம்னு பதில் வந்துச்சு.

கூட வேலை பாத்த டெல்லிப் பொண்ணு ஒருத்திகிட்ட அந்த உதட்டசைவக் காட்டி என்ன சொல்றாங்கன்னு கேட்டிருந்தேன். பத்து தடவையாவது ஓட்டிப் பாத்திருப்பா. கடைசில "பானி"ன்னு சொல்ற மாதிரி இருக்குக்கா, தண்ணின்னா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, இல்லக்கா உறுதியா தெரியல, எழுதிடாதீங்கன்னா. நான் எழுதல.