ஏலக்காய் எண்ணெயைத் தூளாக்கும் ஆய்வு: வாய்மொழித் தேர்வுக்கு முன் நான் அறிந்திருக்க வேண்டியவை

உணவுத் தொழில்நுட்ப முதுகலைப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்கு, ஏலக்காய் எண்ணெயைத் தெளிப்பு உலர்த்தல் முறையில் (கலவையைச் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து உலர்த்துவது) நுண்ணுறையாக்கம் செய்வதை, அதாவது எண்ணெயை மெல்லிய ஓட்டுக்குள் அடைத்துத் தூளாக்குவதை, எடுத்துக்கொண்டேன். இதே தலைப்பில் இறங்குவோர் நான் இரண்டு மாதங்களை இழந்த இடத்தில் இழக்கக் கூடாது.

ஏலக்காயின் மணத்தைத் தரும் 1,8-சினியோல் ஏறத்தாழ 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால், உலர்த்திக்குள் நுழையும் சூடான காற்று 180 டிகிரியில் இருந்தால் எண்ணெய் பறந்துவிடும் என அஞ்சி 140 டிகிரியில் ஓட்டினேன். காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோன் கலத்தின் சுவரில் தூள் ஈரமாக ஒட்டியதோடு எண்ணெய் இழப்பும் கூடியது. நீர் ஆவியாகும் வரை துளியின் வெப்பநிலை காற்றினதைவிட மிகவும் தாழ்ந்தே இருக்கும் என்பதும், துளியின்மேல் ஓடு விரைந்து படிந்தால்தான் நீர் மட்டும் வெளியேறி எண்ணெய் உள்ளே தங்கும் என்பதும் அப்போதுதான் விளங்கின.

உலர்த்தியைவிடப் பால்மத்துக்கே, அதாவது உலர்த்துவதற்கு முன் எண்ணெயை நீரில் நுண்துளிகளாகக் கலந்த கலவைக்கே, கூடுதல் நாள் ஒதுக்குங்கள். ஓடாக அமையும் சுவர்ப்பொருள்களில், மாவுச்சத்திலிருந்து பெறப்படும் மால்டோடெக்ஸ்ட்ரின் விலை மலிவு; ஆனால் எண்ணெயைப் பிடித்து வைக்கும் திறன் அதற்கு இல்லை. அரபுப் பிசினில் பிணைந்துள்ள சிறிதளவு புரதமே அந்த வேலையைச் செய்கிறது. பிசினை முதல்நாள் இரவே நீரில் ஊறவையுங்கள். தயாரான பால்மத்தை அளவுசாடியில் 24 மணி நேரம் நிறுத்தி, மேலே ஏடு பிரிந்தால் அதை உலர்த்தாதீர்கள்.

மொத்த எண்ணெயை அளக்கத் தூளைக் கிளெவெஞ்சர் கருவியில் (நீராவியோடு வரும் எண்ணெயைக் குளிர்வித்து அளக்கும் கண்ணாடிக் கருவி) நீரோடு காய்ச்சும்போது, பிசின் நுரைத்துப் பொங்கி அளவுக் குழாய் வரை ஏறிவிடும். ஆகவே குடுவையில் பாதிக்கும் மேல் காலியாக விட்டு, சூட்டை மெதுவாக ஏற்றுங்கள்.

வாய்மொழித் தேர்வில் என்னைத் திணறவைத்தது ஒரே கேள்வி: "உறையாக்கத் திறன் 92 விழுக்காடு என்கிறீர்கள், மீதி எண்ணெய் எங்கே?" 80 கிராம் சுவர்ப்பொருளுக்கு 20 கிராம் எண்ணெய் சேர்த்திருந்தேன், தூளில் அதே 80 கிராமுக்கு எஞ்சியது 12 கிராம். ஹெக்சேன் என்ற கரைப்பானில் தூளைக் கழுவியபோது மேற்பரப்பிலிருந்து வந்தது 1 கிராம். 12இல் 11 உள்ளே இருந்ததால் திறன் 92 விழுக்காடு. ஆனால் 20இல் 12 மட்டுமே தங்கியதால் தக்கவைப்பு 60 விழுக்காடுதான். உலர்த்தியின் காற்றோடு போன 8 கிராமைத் திறன் கணக்கு காட்டுவதே இல்லை. எனவே இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த பத்திகளாகக் கொடுத்து, எந்த அளவை எதனால் வகுத்தீர்கள் என்பதையும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.