மடுவில ஒரு இரவும் பேதுருவின்ர நெருப்பும்

ஆவணித் திருவிழாவுக்கு கிளிநொச்சியில இருந்து மடு மாதா கோயிலுக்கு வெளிக்கிட்டம். தறப்பாள், சட்டி பானை, அரிசி, தண்ணிக் கான் எல்லாம் ஏத்தியாச்சு, வான் ஓடினது மாமா. வவுனியா தாண்டி மடுச்சந்தியில திரும்பினாப் பிறகுதான் பெரியம்மான்ர வாயில செபமாலை வந்தது, அதுவரைக்கும் மாமாவுக்கு ஏச்சுத்தான். ஆள் முகாமால வந்த பிறகு கத்தோலிக்கத்த விட்டிட்டு வேற கிறிஸ்தவ சபைக்குப் போட்டார். "மாதாவ மறுதலிச்சவன்டா நீ, 1544ல யாழ்ப்பாண ராசா சங்கிலியன்ர ஆக்கள் வெட்டேக்கயே வேதத்த விடாத மன்னார்ச் சனம் இருந்தது, உனக்கென்ன வந்தது?" மாமா வாயே திறக்கேல்ல.

எனக்கெண்டா மடு மண்ணில நிண்டு ஆர் மறுதலிச்சவன் எண்டு கணக்குப் பாக்க மனம் வாறேல்ல. இந்த மாதாவே இடம்பெயர்ந்து வந்தவதானே, 1670ல ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில இருந்து மாதான்ர சுருவத்த, சிலையத்தான், தூக்கிக்கொண்டு காட்டுக்க வந்தவை, 2008 சித்திரையில சண்டைக்குள்ள குருமார் திரும்பவும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனவை, 1999ல கோயிலடியில தஞ்சமிருந்த சனத்துக்கு மேலயே செல் விழுந்தது.

பின்னேரம் அடுப்ப மூட்டிப்போட்டு இருக்கேக்க யோவான் நற்செய்திதான் ஞாபகம் வந்தது. இயேசுவ மூண்டு தரம் மறுதலிச்ச சீடன் பேதுரு "நான் அவற்ற சீடன் இல்ல" எண்டு சொன்னது கரி நெருப்படியில குளிர் காய்ஞ்சுகொண்டு. உயிர்த்த பிறகு கடற்கரையில இயேசு காலமைச் சாப்பாட்டோட நிக்கிறார், அங்கயும் கரி நெருப்புத்தான், மேல மீன், பக்கத்தில அப்பம். ஏன் மறுதலிச்சனி எண்டு ஒரு கேள்வி இல்ல. என்னில அன்பிருக்கோ எண்டு மூண்டு தரம் கேக்கிறார், ஒவ்வொரு மறுமொழிக்கும் ஒரு வேலை குடுக்கிறார், என்ர ஆடுகளப் பார் எண்டு. பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறமாதிரி மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லு எண்டு விடேல்ல (சுவாமிமார் கோவிக்கக்கூடாது). பசிச்சதுகளுக்குச் சாப்பாடு போடுறதும் தன்னைக் கவனிக்கிறதும் ஒண்டுதான் எண்டு மத்தேயு 25லயும் அவர்தானே சொன்னவர். அப்ப மறுதலிச்சவனுக்குத் திரும்பி வாற வழி கோயில் வாசலால மட்டும் இல்லப் போல.

பக்கத்துக் கொட்டிலில ஒரு அம்மா, தனிய. பொய்க்கால கழட்டி மரத்தில சாத்திப்போட்டு, முட்டிக்குக் கீழ துணி சுத்தின இடத்தில எண்ணெய் தடவிக்கொண்டிருந்தா, தோல் உரிஞ்சு சிவந்திருந்தது. தண்ணி பவுசர் வந்தா சனம் இடிபடும், அவவால போகேலாது. மாமா கேக்காமலே அவவின்ர கானையும் தூக்கிக்கொண்டு போய் வரிசையில நிண்டார். நாங்கள் எல்லாரும் பூசைக்குப் போகேக்க அவர் அவவோடயே இருந்திட்டார்.

திரும்பி வந்து பெரியம்மா பாத்தா. ஒண்டும் சொல்லேல்ல, கோப்பையில சோறு போட்டு, "கொண்டுபோய்க் குடு, பருப்பு கொஞ்சம் உறைப்பு எண்டு சொல்லு" எண்டா.

சாப்பிட்டாப் பிறகுதான் மாமாவும் வாயத் திறந்தார், ரெண்டு பேரும் பேதுருவில துவங்கி, 2015ல பாப்பரசர் மடுவுக்கு வந்ததில போய் நிண்டு ஒரே வாக்குவாதம், பக்கத்துச் சனம் "கொஞ்சம் படுக்க விடுங்கோவன்" எண்டு கத்தினாப் பிறகுதான் ஓய்ஞ்சுது.