இணைப்பு செத்தால் கட்டுரை எங்கே?

நேற்று ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் இருந்த இணைப்பைச் சொடுக்கினேன். பக்கம் இல்லை. தேடிப் பார்த்தால் அந்த ஆய்விதழே இல்லை. யாரோ வருஷக்கணக்கில் உழைத்து எழுதியது. மனசு கனத்துப்போச்சு.

2000 முதல் 2019 வரை இப்படி 170-க்கும் மேற்பட்ட இலவச ஆய்விதழ்கள் இணையத்திலிருந்து மறைந்திருக்கின்றன. அச்சு இதழ் என்றால் பல ஊர் நூலகங்களில் பிரதி இருக்கும். மின்னிதழுக்குச் சந்தா கட்டினால் பெரும்பாலும் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டும்தான். கோப்பு பதிப்பகத்தின் சர்வரில். பதிப்பகம் மூடிவிட்டால்?

மின்னிதழ்களை இப்படி மறையாமல் காக்க முதலில் இறங்கியவர்களில் நெதர்லாந்து தேசிய நூலகமும் ஒன்று. நூலகத்துக்குப் பிரதி தந்தே ஆகவேண்டும் என்ற சட்டம்கூட அங்கே கிடையாது. பதிப்பகங்களோடு பேசியே சாதித்தார்கள். 2002-இல் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம். ஐபிஎம் உருவாக்கிய அமைப்போடு மின்காப்பகம் 2003-இல் இயங்கத் தொடங்கியது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏனென்றால் கோப்பை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. ஒரு பிட் மாறினாலும் தெரியும்படி, கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம்மை அவ்வப்போது சரிபார்க்கணும். பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைக்கணும். திறக்கும் மென்பொருளே வழக்கொழிந்துவிட்டால், கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதா, பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள் எழுதுவதா என்று முடிவெடுக்கணும். ஓயாத வேலை.

ஆய்விதழ் நடத்தும் நண்பர்களே, உங்கள் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐக் கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் இதழை எந்தக் காப்பகமாவது பாதுகாக்கிறதா என்று அதில் தெரியும்.