பொட்டு வியர்வை இல்லை

“மாலைச் சவாரிக்குப் பின் பொட்டு வியர்வை இல்லை, உடல் வெப்பம் 40.6” என்று ஒரு குதிரையைப் பற்றி நான் பதிவேட்டில் எழுதியிருந்ததைப் படித்த சைஸ் அண்ணன், அதாவது எங்கள் குதிரைகளைப் பராமரிப்பவர், “இத ஏன் தம்பி எழுதுன? எனக்குத் தெரியாமலா இத்தன நாளா தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில், “முதலாளிக்குத் தெரிய வேண்டாமா அண்ணே?” என்பதுதான். அந்தப் பதில் சரியானதே என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டது மனத்தைவிட்டுப் போகவில்லை.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் வெயிலில் குதிரைக்கு வியர்ப்பது நல்ல அடையாளம். கடும் உழைப்பில் அது மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை சிந்தும். அதிலுள்ள லாத்தரின் என்னும் புரதம் சோப்பைப் போல் மயிரை நனையச் செய்து வியர்வையைப் பரப்புவதால்தான், வார் உரசும் இடங்களில் வெண்ணுரை கட்டுகிறது. செம்பனைத் தோப்புகளுக்கு நடுவே காற்று அசையாமல் ஈரம் கனத்து நிற்கும் நாள்களில் அந்த வியர்வையும் எளிதில் ஆவியாகாது. அப்படியிருக்க, வியர்வையே சுரக்காத குதிரையின் நிலை என்ன? அன்ஹைட்ரோசிஸ் எனப்படும் இந்தக் கோளாறு நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில், குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளுக்கும் இங்கேயே பிறந்தவற்றுக்கும் வருகிறது. மூக்குத்துளை விரிந்து மூச்சு வாங்கும்; பிடரிமயிரின் கீழும் சேணத்தின் அடியிலும் மட்டும் சற்று ஈரம் தெரியும். ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய வெப்பம், வேலை முடிந்து வெகுநேரமாகியும் இறங்காது.

அண்ணன் சவாரிக்கு முன்பும் பின்பும் அந்தக் குதிரையை நனைத்தார். பார்க்கிறவர்களுக்கு அது வியர்வையாகவே தெரிந்தது. அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் சூடேறிய குதிரைக்கு இடைவிடாமல் குளிர்ந்த நீரை ஊற்றுவதுதான் சரியான முதலுதவி. சூட்டு உடம்பில் குளிர்நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பலர் இன்னும் அஞ்சிக்கொண்டிருக்க, அவர் அந்த அச்சமில்லாமல் வாளி வாளியாக ஊற்றினார். எனினும் நீர் உலர்ந்தபின், பாதிச் சவாரியில், குழந்தை ஒன்று முதுகில் இருக்கும்போது குதிரை தள்ளாடினால் யார் பொறுப்பு? அதனால்தான் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்க முடியாது.

முதலாளி படித்தார், விற்றார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்து எங்களிடம் வந்த குதிரை அது. வியர்க்காது என்று தெரிந்தபின் நல்ல விலையும் கிடைக்கவில்லை. “வேர்க்காதுன்னு எழுதிட்ட. காலையில வெயிலுக்கு முன்ன நல்லா நடக்கும்னு எழுதலையே” என்றார் அண்ணன். அது உண்மை. நான் அளந்தவை எல்லாம் மாலை நேரத்து அளவுகள். விடியலில் அது எப்படி நடந்தது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே, அவருடைய அறிவுக்குப் பதிவேட்டில் இடமில்லை. ஆனால் அவரும் ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று சில சமயம் கோபம் வருகிறது; சொல்லியிருந்தால் அன்றே விற்றிருப்பார்களே என்று உடனே தோன்றுகிறது.

இந்தக் கோளாற்றை உறுதியாகத் தீர்க்கும் மருந்து இல்லை. குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதே நம்பத்தக்க வழி. புதிய உரிமையாளரிடம் அந்தப் பதிவேட்டின் நகலைக் கட்டாயம் கொடுக்கச் சொன்னேன். விடியற்காலைச் சவாரியைப் பற்றி அண்ணன் சொன்னதை அதன் ஓரத்தில் நானே எழுதினேன். முதலாளி படிப்பதற்கு முன் அந்த வரி அங்கே இருந்திருந்தால் அவர் குதிரையை வைத்துக்கொண்டிருப்பாரா? அப்படி வைத்திருந்தால், விடியலோடு நிறுத்தாமல் பிற்பகலிலும் ஓட்டச் சொல்லியிருப்பாரா? இரண்டுக்கும் சாத்தியம் இருந்தது என்பதால்தான் அண்ணனிடம் இன்னும் எனக்குப் பதில் இல்லை.