குற்றாலச் சாரலில் ஸ்லோ ஷட்டர்

சீசனில் பேரருவியோ ஐந்தருவியோ நன்றாக விழும்போது, ட்ரைபாடோடு வருபவர்களில் பலர் முதலில் மாட்டுவது பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர். வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி அது; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். ஷட்டரை இருபது விநாடி திறந்து வைப்பார்கள். படத்தில் அருவி இருக்காது. பாறைமேல் வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பட்டைதான் இருக்கும்.

எவ்வளவு நேரம் திறப்பது என்பதைத் தண்ணீரின் வேகம் முடிவு செய்யட்டும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், அடியை நெருங்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் வரும். கால் விநாடியில் 5 மீட்டர் கோடு. இழை இழையாகத் தெரிய அது தாராளம். ஒரு விநாடியைத் தாண்டினால் ஒரு கோட்டின்மேல் இன்னொன்று ஏறி, இழையெல்லாம் அழிந்துவிடும். அதனால் பெரிதாக விழும் அருவிக்கு 1/8 முதல் 1/2 விநாடி வரை போதும். பாறையில் வழியும் மெல்லிய ஓடைக்கு 1 முதல் 2 விநாடி. நுரை சுற்றும் தேக்கமாக இருந்தால் 8 விநாடி வரை போகலாம். நுரை வட்டம் வட்டமாகப் பதியும்.

மேகமூட்டமான காலையில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, லென்ஸ் துவாரம் எஃப்/11 வைத்தால் ஷட்டர் 1/30 விநாடி அளவில் நிற்கும். பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டரை மாட்டினால் வெளிச்சம் இரண்டு ஸ்டாப் வரை குறையும், ஷட்டர் 1/8 ஆகும். அதன்மேல் மூன்று ஸ்டாப் என்டி8 போட்டால் 1 விநாடி. குற்றாலத்துக்கு இந்த இரண்டு கண்ணாடி போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போலரைசரை வாங்குங்கள். நனைந்த பாறையிலும் இலையிலும் அடிக்கும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும். பின்னால் எடிட்டிங்கில் அதைச் செய்யவே முடியாது. ஃபில்டர் இல்லையே என்று துவாரத்தைச் சுருக்கி எஃப்/22-க்குப் போனால், சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுக்க மழுங்கும். திருப்பத் திருப்ப இருட்டாகும் வேரியபிள் என்டியை, அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் கடைசிவரை திருப்பினால் நடுவில் கறுப்பாகப் பெருக்கல் குறி விழும்.

இங்கே உண்மையான எதிரி சாரல். அருவி விழும் வேகத்தில் கிளம்பும் காற்று, நீர்த்துளிகளை நேராக லென்ஸுக்குத்தான் கொண்டுவரும். அரை விநாடியில் ஒரு துளி விழலாம்; இருபது விநாடியில் ஃபில்டர் முழுக்கத் துளிதான். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது, வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டால்தான் மங்கல் வட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நாலைந்து மைக்ரோஃபைபர் துணி வேண்டும், ஒன்று ஈரமானால் அடுத்தது. முதலில் ஃபிரேம் வையுங்கள், ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றுங்கள், லென்ஸை ஒரு துணியால் மூடுங்கள். காற்று ஒரு நொடி ஓயும்போது துணியை எடுத்து, துடைத்து, அழுத்துங்கள். 2 விநாடி டைமருக்குள் மறுபடி நனைந்துவிடும் என்பதால் ரிமோட் நல்லது. கூட வந்தவர் குடை பிடித்தால் இன்னும் நல்லது. குடை ட்ரைபாடில் மட்டும் படக்கூடாது.

தூரத்தை இழுத்துக்காட்டும் 70-200 லென்ஸோடு தள்ளி நிற்பதில் இரட்டை லாபம்: சாரலும் குறையும், குளிக்கும் கூட்டமும் ஃபிரேமுக்குள் வராது. நீண்ட ஷட்டரில் ஆட்கள் மறைந்துவிடுவார்கள் என்பது நடக்கிறவர்களுக்குத்தான் பொருந்தும். அருவிக்கடியில் அசையாமல் தலையைக் கொடுத்து நிற்பவர் ஆவி மாதிரி பாதி உருவமாகப் பதிவார். அதைவிட முக்கியம், குளிக்கும் இடத்தைப் பார்த்து கேமராவை நாட்டிவைப்பது நாகரிகமில்லை. மேல்பாறையையும் மரங்களையும் சேர்த்து எடுங்கள்.

தண்ணீரின் வெள்ளை சட்டென்று எரிந்து, விவரமில்லாத வெறும் வெள்ளையாகிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாதபடி 2/3 ஸ்டாப் குறைத்து, கேமரா மெருகேற்றாத மூலப் பதிவான ரா ஃபைலாக எடுங்கள். காற்றில் இலைகள் ஆடினால் ஐஎஸ்ஓ கூட்டி 1/125-இல் இன்னொரு படம் எடுத்து, இலைகளை மட்டும் அதிலிருந்து ஒட்டலாம். ட்ரைபாடின் நடுக்கம்பியை உயர்த்த வேண்டாம். ஓடும் தண்ணீருக்குள் ட்ரைபாடின் காலை வைத்தால் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். இரும்புக் கைப்பிடிமேல் சாய்த்தாலும் அப்படித்தான்.

ஓடைக்குள் இறங்காமல் இருக்க வேறு காரணமும் உண்டு. மலைமேல் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். தண்ணீர் பழுப்பேறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, படத்தை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

லாட்ஜ் ஏசியில் இரவெல்லாம் கிடந்த லென்ஸைக் காலையில் வெளியே எடுத்தால் உடனே ஆவி படியும். அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஃபில்டரைக் கழற்றி மரையையும் துடைத்துவையுங்கள். ஈரத்தோடு விட்டால் அடுத்த முறை கழற்ற வராது. உள்ளே பூஞ்சையும் பிடிக்கும்.