கவ்வாத்து மலையில் ஒரு போத்தல் அயடீன்

விவசாய பீடத்தில் கடைசி வருடம் ஆறு மாதப் பயிற்சி கட்டாயம். என் வகுப்பில் பலர் விதை உருளைக்கிழங்கு, மரக்கறி என்று சீத்தாஎலிய, நுவரெலியா பக்கம் கேட்டார்கள். நான் தேயிலைத் தோட்டம்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா 27 வருடம் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலை. வீடு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். “லயத்திலேயே வளந்த புள்ளைக்குத் தோட்டத்துல படிக்க என்னா இருக்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

இடம் பிடிப்பதுதான் முதல் பாடு. பீடத்தின் கடிதத்தை நான்கு தோட்டங்களுக்குத் தபாலில் அனுப்பினேன். இரண்டு பதிலே போடவில்லை. ஒன்று, பெண் பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை என்றது. நான்காவது தோட்டம் தலவாக்கலைக்குப் பக்கத்தில். பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே பஸ் ஏறிப் போய் ஆபீசில் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். அன்றைக்கே சரி என்றார்கள். இனிப் போகிறவர்கள் தபாலை நம்பிக் காத்திருக்க வேண்டாம், நேரே போய்ப் பேசுங்கள்.

2023 மார்ச்சில் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரமும் என்னை ஆபீசிலேயே உட்கார வைத்து செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டை எழுத விட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டு வேறு. இது பலருக்கு நடக்கிறது. ஆறு மாதமும் அப்படியே போய்விட்டதாக முந்திய வருடத்து அக்கா ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் பீடத்தில் கொடுத்த பயிற்சி அட்டவணையை எடுத்துக்கொண்டு போய் சின்னத்துரையின், அதாவது தோட்டத்து உதவி மேலாளரின், மேசையில் வைத்து, “சேர், இதில் இருக்கிற வேலை ஒன்றும் நான் இன்னும் பார்க்கவில்லை” என்றேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வா என்றார்.

அப்புறம் நாட்கள் ஓடின. நாற்றுமேடையில் ஒரு இலை, ஒரு கணு என்று துண்டு வெட்டிப் பொலிதீன் பைகளில் நட்டோம். கொழுந்து மலையில் (மலை என்றால் தோட்டத்தின் ஒரு தேயிலைப் பகுதி) இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக்கொண்டு நானும் நிரையில் நின்றேன். ஃபெக்டரியில் ஒரு வாரம் இரவு வேலை. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து கிட்டத்தட்ட ஒரு கிலோத் தூளாகச் சுருங்குவதைக் கண்ணால் பார்த்தபோது அம்மாவின் கூடைதான் ஞாபகம் வந்தது. இவற்றையெல்லாம் பயிற்சிக் குறிப்பேட்டில் அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். மூன்று நாள் விட்டால் எந்த மலையில் என்ன வேலை என்பதே குழம்பிவிடும்.

நான் சொல்ல வந்தது கவ்வாத்தைப் பற்றி.

சில வருடங்களுக்கு ஒரு முறை செடியை மட்டமாக வெட்டிவிடுவார்கள். இலையே இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும். இலை இல்லையென்றால் செடிக்குச் சாப்பாடு தயாரிக்க வழியில்லை. புதுத் தளிர் வரும்வரை வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்துதான் அதைக் காப்பாற்ற வேண்டும். அது குறைவாக இருந்தால் வெட்டிய கிளை மேலிருந்து கீழாகக் காய்ந்து வரும், சில செடி செத்தே போகும். அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே வேரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். செய்து பார்த்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு மலை கவ்வாத்துக்கு வந்தது. நான் ஆய்வுகூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த அயடீன் போத்தலோடு போனேன். வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி மாமா தானே முள் என்ற கவர்க் கருவியால் மண்ணைக் கிளறி, பென்சில் கனத்தில் வேர் எடுத்துத் தந்தார். கழுவி, குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீனைத் தடவினேன். மாச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும். பத்துச் செடியில் மூன்றின் வேர் மட்டும் நன்றாகக் கறுத்தது. மற்றதில் மருந்தின் பழுப்பு நிறம் அப்படியே நின்றது. இரண்டில் ஓரத்தில் மட்டும் நூல் போல ஒரு நீலக் கோடு.

மாமா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்த மலை களைச்சுப் போயிருக்கு மிஸ். 2021ல உரம் நின்னதுலருந்தே இப்பிடித்தான். இலைய பாத்தாலே தெரியும்” என்றார். இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை அந்த வருடம் மே மாதம் தடை செய்து, வருடக் கடைசியில்தான் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகு வந்த விலையில் முன்பு போட்ட அளவுக்கு உரம் போட முடியவில்லை. அயடீன் காட்டியதை அவர் இலையைப் பார்த்தே சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொல்வதை எழுதிக்கொள்ள அதுவரை ஒருவரும் அந்த மலைக்கு வரவில்லை.

வேர்த் துண்டுகளைக் கடதாசியில் சுற்றி சின்னத்துரையிடம் கொண்டுபோனேன். கொழுந்து எடுக்காமல் சில வாரம் செடிக்கு ஓய்வு கொடுத்து அப்புறம் வெட்டலாம் என்றேன். ஓய்வு என்றால் அத்தனை வாரமும் அந்த மலையில் கொழுந்து இல்லை, அதுவும் அவருக்குச் சிக்கல்தான். கடைசியில் கீழ்ப்பாதியைத் திட்டப்படி வெட்டுவது, மேல்பாதிக்கு ஆறு வாரம் விடுவது என்று முடிவானது. மேல்பாதியை ஜூன் மழையில் வெட்டினோம். அப்போது மாமா எனக்கும் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்: வெட்டுவாய் செடியின் நடுவைப் பார்த்துச் சரிய வேண்டும், கிளை பிளக்கக் கூடாது, ஒரே வீச்சு. என்னால் ஒரு காலையில் ஏழு செடிதான் முடிந்தது. அதில் நான்கை மாமா திருத்தி வெட்டினார்.

ஓகஸ்ட் கடைசியில் இரண்டு பாதியையும் நடந்து எண்ணினேன். கீழ்ப்பாதியில் பல செடிகளில் கிளை நுனி காய்ந்து, தளிர் அடியில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. மேல்பாதியில் பிந்தி வெட்டியும் தளிர் சுற்றிலும் வந்திருந்தது. ஒரு மலையில் ஒரு தடவை பார்த்ததை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. வாய்மொழிப் பரீட்சையில் விரிவுரையாளரும் அதையேதான் சொன்னார். நானும் அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். லயத்துக்குப் பின்னால் நாலைந்து தேயிலைச் செடி நிற்கிறது. அப்பா வேர் எடுத்துத் தந்தார், நான் தடவினேன், கறுத்தது. ஏன் கறுக்கிறது என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. வேலை செய்த காலத்தில் ஒரு மலை முழுக்கக் காய்ந்துபோய், கத்தி சரியில்லை, வெட்டியவன் கெடுத்துவிட்டான் என்று பெரட்டில் எல்லோர் முன்னாலும் வைத்து அப்பாவை ஏசியிருக்கிறார்கள். அது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை.

“அப்ப அந்த மலையில வேர பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சிருக்கும்ப்பா.”

அப்பா எழுந்து போய்ப் பரணிலிருந்து பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தார். அடுத்த செடியின் அடியில் உட்கார்ந்து, மண்ணை ஒதுக்கி, இன்னொரு வேரை வெட்டி என் பக்கம் நீட்டினார்.